ஒட்டகச்சிவிங்கியின் காதுகள்

பிப்ரவரி 11

புகைப்படக் கலைஞர் அவர்களுக்கு,

தங்கச்சி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. போனில் பேசலாமே என்றாள் உன் அண்ணி. பேசினால் கத்துவேன். மருந்துக்கடையில் நின்று கத்தினால், வாங்க வந்தவர்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை எனக்கே எடுத்து நீட்டுவார்கள். அதனால் எழுதுகிறேன். நீயும் போன் செய்யாதே, எடுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் இணைப்பில் உன் கண்காட்சியைப் பற்றி ஒரு பக்கம் வந்திருக்கிறது. சண்டை நடந்த இடங்களுக்கு இருபது வருடம் கழித்துப் போய்ப் படம் எடுக்கிறாயாம். ஆள் இல்லாத சந்தை, ஆள் இல்லாத பேருந்து நிலையம், ஆள் இல்லாத பள்ளிக்கூடம். நல்லது. பக்கத்தின் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, நம் வீட்டுப் பின்னறை. கீழே, ‘போர்க்காலத்தில் ஆட்களை அடைத்து வைத்திருந்த வீடு’ என்று ஒரு வரி.

டிசம்பர் விடுமுறையில் வந்தபோது என்ன சொன்னாய்? “சும்மா எனக்காக ஒண்ணு எடுத்துக்கிறேண்ணா.” வெளியே காட்டினாலும் ஊர்ப் பெயர் போடமாட்டேன், உன் அண்ணி நடத்தும் குழந்தைகள் காப்பகம் இதுதான் என்று தெரியாதபடி பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாய். குழந்தைகளின் பாய்களையெல்லாம் சுருட்டி வெளியே வைத்துக் கொடுத்தது நான். கதவு ஆடுகிறது என்று அதைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றதும் நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஊர்ப் பெயர் போடவில்லை, சரி. ஆனால் படத்தின் அடியில், ஜன்னலுக்குக் கீழே, இரண்டு காது நீட்டிக்கொண்டிருக்கிறது. உன் அண்ணி சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கியின் காது. உடம்பையும் கழுத்தையும் வெட்டி எறிந்துவிட்டுக் காதை மட்டும் விட்டிருக்கிறாய். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். பெயின்ட் தீர்ந்துபோனதால் ஒரு காது நீலமாகிப்போன ஒட்டகச்சிவிங்கி இந்த உலகத்தில் எத்தனை இருக்கும் என்று நினைத்தாய்?

காப்பகத்தில் உருண்டை என்று ஒரு பயல் இருக்கிறான். அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு டாட்டா காட்டாமல் மத்தியானம் கண்ணை மூடமாட்டான். திங்கட்கிழமை காலையில் அவன் அம்மா பத்திரிகையும் கையுமாக வந்து நின்றாள். “‘அம்மா, நம்ம சிவிங்கி’ன்னு இவன்தாங்க காட்டுனான். இது உங்க வீடா?” உன் அண்ணிக்குப் பொய் வராது. எனக்கு வரும், ஆனால் நான் கடையில் இருந்தேன்.

இன்றோடு நான்கு குழந்தைகள் வரவில்லை. நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சலாம். அதையும் மருந்துக்கடைக்காரனிடமே வந்து சொல்கிறார்கள்.

அந்தப் படத்தை எடுத்துவிடு.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

உன் கடிதம் வந்த பிறகுதான் காதைப் பார்த்தேன். நம்பமாட்டாய். அந்தப் படத்தை ஒரு வாரம் மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்தவள் நான்.

நான் படத்தின் ஓரங்களை வெட்டுவதில்லை. நின்ற இடத்திலிருந்து என்ன விழுந்ததோ அதுதான் படம். உடன் வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்யும் அளவுக்கு இதில் பிடிவாதம். உனக்குக் கொடுத்த வாக்குக்காக இந்த ஒரு படத்தை மட்டும் வெட்டினேன். வெட்டிப் பழக்கமில்லாத கை. எந்த இடத்தில் சுவர் முடிந்து ஒட்டகச்சிவிங்கி தொடங்குகிறது என்று நான் பார்க்கவே இல்லை. ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். அண்ணியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன்.

ஆனால் படத்தை எடுத்துவிடு என்கிறாயே, அது அவ்வளவு சுலபமில்லை. சந்தையில் குண்டு விழுந்த இடத்தில் இப்போது ஒருவர் பிளாஸ்டிக் வாளி விற்கிறார். காலையில் வெளிச்சம் சரியாக வருவதற்காக நாலைந்து நாள் அவர் தன் வாளிகளை எனக்காக உள்ளே எடுத்து வைத்தார். அவருடைய தம்பி செத்த இடம் அது. பேருந்து நிலையத்தில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் ‘எடுத்துக்கோம்மா’ என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்தவர் வீட்டுக்குள்ளெல்லாம் நுழைந்து படம் எடுத்துவிட்டு என் வீட்டை மட்டும் மூடி வைத்தால் நான் யார்? புத்தகமும் அச்சுக்குப் போகிறது. கடைசிப் படம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சண்டைக்குப் பயந்து ஓடிப்போன நாம் பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த முதல் வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பின்னறைச் சுவரில் நீயே சிமென்ட் பூசிக்கொண்டிருந்தாய். என்னண்ணா என்று கேட்டேன். “ஓதம், சுவர் ஈரம் காக்குது” என்றாய். அதன் பிறகு இருபது வருடமாக அந்த அறையைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. நான் படம் எடுக்காவிட்டால் அந்த ஓதம் இன்னும் ஓதமாகவே இருந்திருக்கும்.

தங்கை


பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

ஓதம் இல்லைதான். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாய், தெரிந்துகொள். ஆட்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து சாய்ந்திருக்கிறார்கள். தலை பட்டுப் பட்டு, எண்ணெயும் வேர்வையும் ஏறி, வட்ட வட்டமாகக் கறுத்துப் போயிருந்தது. ஜன்னலுக்குக் கீழேயும் அதை ஒட்டிய சுவரிலும். எண்ணவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. பூசினேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லிக் கையில் மிட்டாயும் கொடுத்திருக்க வேண்டுமா?

உன் அண்ணி இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டாள். அவளிடம் சொன்னேன். அடுத்த வாரம் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றாள். ஜன்னல் ரொம்ப உயரத்தில் இருக்கிறதே, குழந்தைகள் யாருக்கும் எட்டாதே, எட்டுகிற மாதிரி ஒன்று வரையலாம் என்று ஒட்டகச்சிவிங்கியை வரைந்தாள். அது வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி. அதைத்தான் நீ வெட்டி எறிந்தாய்.

உன் எல்லாப் படத்தையும் பத்திரிகையில் உற்றுப் பார்த்தேன். வாளிக்காரர் வாளிகளை உள்ளே எடுத்து வைத்தார் என்று பெருமையாக எழுதுகிறாய். அவர் ஏன் உள்ளே வைக்க வேண்டும்? அந்த இடத்தில் இத்தனை வருடமாக வாளி விற்றுப் பிழைக்கிறாரே, அது உன் கணக்கில் வராதா? இந்த அறையில் ஆட்களை அடைத்து வைத்திருந்தது மூன்று வருடம். இங்கே குழந்தைகள் தூங்குவது ஒன்பது வருடம். எது பெரியது? உன் படத்தைப் பார்த்தால் எல்லாரும் நேற்றுத்தான் செத்துப்போன மாதிரியும், நாங்களெல்லாம் பிறக்காத மாதிரியும் இருக்கிறது.

இப்போது பாதிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். உதவிக்கு இருந்த பெண்ணை வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லியாயிற்று. உன் அண்ணி வந்த பிள்ளைகளுக்கு அதே பாட்டை அதே சத்தத்தில் பாடுகிறாள். பாதி அறை காலியாக இருப்பதால் அது முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. அவள் இந்தக் காப்பகத்தைத் தவிர வேறு எதையும் இந்த வாழ்க்கையில் தனக்கென்று கேட்டதில்லை. இது மூடினால் நான் உன் முகத்தில் விழிக்கமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, சாவகாசமாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

வாளிக்காரர் விஷயத்தில் இதை மட்டும் சொல்கிறேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இது யார் இடம்மா, இவ்ளோ சுத்தமா இருக்கு” என்று கேட்டார். அப்போது சிரித்தேன்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன வாரம் கண்காட்சிக்கு ஒரு வயதான அம்மா வந்தார். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டியிருக்கும். ஓடுகிற வண்டியில் நிற்கிற மாதிரி காலை அகட்டித்தான் தரையிலும் நிற்கிறார். நேராக நம் வீட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மூடுகிற நேரம் வரை நகரவில்லை. மறுநாளும் வந்தார். யாராவது படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றால் நான் தள்ளியே இருந்துவிடுவேன். இவர் தானாக என்னிடம் வந்து, “இந்த ஜன்னலுக்கு வெளிய தெரியுறது தண்ணித் தொட்டிதானே?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவருடைய மகனை, பத்தொன்பது வயது, சண்டைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அதே இடத்திலிருந்து வெளியே வந்த ஒரு பையன் மட்டும் இவரைத் தேடிவந்து சொல்லியிருக்கிறான். எந்த ஊர், எந்த வீடு என்று அவனுக்கும் தெரியாது, கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். உயரத்தில் ஒரு ஜன்னல், அதில் தண்ணீர்த் தொட்டியின் தலையும் ஏணியின் மேல்படியும் தெரியும் என்றானாம். அவ்வளவுதான். இருபது வருடமாக எந்த ஊருக்கு வண்டி போனாலும் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

முகவரி கேட்டார். நான் கொடுக்கவில்லை. என் அண்ணனைக் கேட்க வேண்டும் என்றேன். “கேளுங்க, நான் அவசரப்படல” என்றார். அதன் பிறகும் வருகிறார். வந்து நிற்கிறார்.

கொடுக்கலாமா?

தங்கை


மார்ச் 10

தங்கச்சிக்கு,

முடியாது என்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் ஆயிற்று. உன் அண்ணி அதைப் பிரித்துப் படித்துவிட்டாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்று கேட்டதற்கு, “உங்க தங்கச்சி உங்க மூஞ்சிக்கா எழுதுறா, நம்ம வீட்டுக்குத்தானே எழுதுறா” என்றாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் உருண்டையிடம் சொல்லி அனுப்புகிறாள். அவன் வந்து, “மாமா, உங்களுக்கு மனசே இல்லியாம்” என்கிறான். அதைச் சொல்லிவிட்டு பிஸ்கட்டுக்குக் கையை வேறு நீட்டுகிறான். அவனுடைய அம்மா அவனை விட்டுவிட்டுத் தினமும் வாசலில் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் போகிறாள், அது வேறு கதை.

என் பயம் இதுதான். ஒருவர் வந்து அழுதால் பத்துப் பேர் வருவார்கள். வீடு வீடாக இருக்காது. நாம் ஒரு தப்பும் செய்யவில்லை, ஓடிப்போனோம், திரும்பி வந்தோம். வந்து பார்த்தால் நம் வீட்டில் இதெல்லாம் நடந்திருக்கிறது. இதற்கு நான் எத்தனை பேருக்குக் கதவு திறந்துகொண்டிருப்பது?

இதை உன் அண்ணியிடமும் சொன்னேன். உருண்டையை அனுப்பாமல் தானே வந்து, “அந்தம்மாவும் ஒரு தப்பும் பண்ணலையே” என்றாள்.

சரி, வரச் சொல். ஞாயிற்றுக்கிழமை வரட்டும். பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். நான் இருப்பேன். ரொம்ப நேரம் இருக்க வேண்டாம் என்று நயமாகச் சொல்லி அனுப்பு. உனக்கு நயமாகச் சொல்ல வரும், என்னிடம் பாய்களைச் சுருட்டச் சொன்னாயே, அந்த மாதிரி.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

முகவரி கொடுத்துவிட்டேன். அவர் அதைத் தாளில் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

படத்தை நேற்றுக் கழற்றிவிட்டேன். புத்தகத்திலும் வேண்டாம் என்று அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று நீ எழுதியதற்குப் பயந்து என்று வைத்துக்கொள். அண்ணியின் பாட்டைப் பற்றி நீ எழுதியதும் ஒரு காரணம். நீ சொன்னது நியாயம் என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காப்பகம் மூடக் கூடாது.

தங்கை


மார்ச் 27

தங்கச்சிக்கு,

அந்த அம்மா வந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை இல்லை, வியாழக்கிழமை. “ஞாயித்துக்கிழமை இந்த ரூட்ல வண்டியே கிடையாதுங்க, உங்களுக்குத் தெரியாதா?” என்று என்னையே கேட்டார். அவருக்குத் தெரியாததா.

சரியாகப் பிள்ளைகள் தூங்குகிற நேரம். நான் கடையில் இருந்தேன், ஆள் வந்து சொல்லி ஓடிவந்தேன். அதற்குள் உன் அண்ணி உள்ளே அழைத்துப் போய்விட்டாள். கதவருகே போய் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாகத் தூங்குகிறார்கள். ஒரு பாய் காலி. காய்ச்சல்காரப் பிள்ளைகளில் ஒருவனுடையது. அந்த அம்மா அதில் படுத்திருக்கிறார், முழங்காலை மடக்கிக்கொண்டு, பாய் சின்னது. அழவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மெதுவான குரலில், “படுத்தாத்தான் தெரியுது. நின்னா தொட்டி முழுசாத் தெரியுது, படுத்தா தொட்டியோட தலையும் ஏணியோட மேல்படியும் மட்டும். அந்தப் பையன் சொன்னது சரிதான்” என்றார். டிக்கெட் சரிபார்க்கிற குரல். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய், தேவையில்லாமல் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

தேநீர் குடிக்கும்போது உன் அண்ணியிடம் ஒன்று கேட்டார். “நேத்து மறுபடி அங்க போனேன். படம் இல்ல, ரெண்டு ஆணிதான் இருந்துச்சு. ஏன் எடுத்துட்டாங்க?”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான்தான் எடுக்கச் சொன்னேன், பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “நியாயம்தான். பிள்ளைங்க இருக்கிற வீடு.” கொஞ்சம் குடித்தார். “எனக்கு ஒரு சீட்டுக்கூட தரலைங்க. அவனைப் பிடிச்சோம்னு யாருமே சொல்லல. இந்த உலகத்துல அவன் ஒரு இடத்துல இருந்தான்னு சொல்றதுக்கு அந்தப் படம் ஒண்ணுதான் இருந்துச்சு.” குறையாகச் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தம் எது என்று சொல்வது போலச் சொன்னார். பாத்திரத்தைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

உன் அண்ணி அன்று முழுவதும் எதையும் உடைக்காமல், எதையும் சத்தமாக வைக்காமல் வேலை செய்தாள். எனக்கு அதுதான் பயம். மறுநாள் பெற்றோர்கள் எல்லாருக்கும் ஆள் விட்டிருக்கிறாள், நிறுத்திவிட்டவர்களுக்கும் சேர்த்து. அடுத்த சனிக்கிழமை கூட்டம். எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறாளாம். நான் சொல்லிப் பார்த்தேன். “நீங்க சிமென்ட் பூசினீங்க, நான் பெயின்ட் அடிச்சேன். போதும்” என்கிறாள்.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணா,

அண்ணியைத் தடுத்து நிறுத்து. இதை நான் எழுதுவேன் என்று நீ எதிர்பார்த்திருக்கமாட்டாய்.

நான் படம் எடுக்கப் போகிற இடத்தில் நாலு நாள், ஐந்து நாள் இருப்பேன். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இருக்கப்போகிறவர்கள் நீங்கள். இப்போது வருகிற பிள்ளைகளும் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? வேண்டுமானால் அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்துவிடுகிறேன், அவர் வீட்டில் மாட்டிக்கொள்ளட்டும். கூட்டமெல்லாம் வேண்டாம். எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

உன் அண்ணியைத் தடுக்க வேண்டுமா? நீ வந்து தடுத்துப் பார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன்.

முன் அறையில் கூட்டம். ஏறக்குறைய எல்லாரும் வந்திருந்தார்கள். வம்பு என்றால் காய்ச்சல் உடனே இறங்கிவிடுகிறது. உன் அண்ணி நின்றபடியே பேசினாள்.

“இந்த வீட்ல அப்படி நடந்தது உண்மைதான். நாங்க இல்லாதப்ப நடந்துச்சு. பிள்ளைங்க தூங்குற அதே அறைதான். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், பயந்துக்கிட்டுச் சொல்லல. இனிமே யார் சேர்க்க வந்தாலும் அந்த அறையைக் காட்டி, சொல்லிட்டுத்தான் சேர்ப்பேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போறவங்க போகலாம். கோவிச்சுக்க மாட்டேன். அந்தப் படத்தைத் திரும்ப மாட்டச் சொல்லப்போறேன், அதையும் சொல்லிடுறேன்.”

ஒருத்தர், “பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?” என்றார். என்ன ஆகும் என்று இன்னொருத்தர் கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு அம்மா, மற்றவர்களைச் சொல்லவில்லை, தனக்கு மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது என்று எழுந்தாள். எழுந்தவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது வெளியே கேட்டருகிலிருந்து ஒரு குரல். “நான் தெரிஞ்சுதாங்க சேர்த்தேன்.”

அவர் ஒரு வெல்டர். அவருடைய மகள் போன வருடத்திலிருந்து வருகிறாள். தினமும் பிள்ளையைக் கேட்டோடு விட்டுவிட்டுப் போய்விடுவார், உள்ளே காலே வைக்கமாட்டார். திமிர் பிடித்த ஆள் என்று நான் உன் அண்ணியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்றும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டுதான் பேசினார்.

“அந்த ரூம்ல நான் அஞ்சு மாசம் கிடந்தேன். வெளியே விட்டப்ப கண்ணைக் கட்டித்தான் விட்டாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு இந்தத் தெருவுக்கு ஒரு கேட் வேலைக்கு வந்தேன், அண்ணாந்து பார்த்தா தொட்டி. எம்பொண்ணு மத்தியானம் அங்க நல்லாத் தூங்குறான்னு டீச்சர் சொல்வாங்க. அதைக் கேட்டுட்டுப் போனா எனக்கு அன்னிக்கு வேலை ஓடுது.”

எழுந்தவர்களில் ஒருத்தர் உட்கார்ந்துவிட்டார். மற்ற இருவர் போய்விட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் இனி வரமாட்டார்கள். உருண்டையின் அம்மா திங்கட்கிழமையிலிருந்து வாசலில் நின்று யோசிக்காமல் போகிறாள். இன்னும் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். காப்பகம் நடக்கும் என்றுதான் தோன்றுகிறது.

கூட்டம் கலைந்த பிறகு நான் கேட்டுக்குப் போனேன். அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பத்தொன்பது வயதுப் பையன், தெரியுமா என்று கேட்டேன். அந்த அம்மா சொல்லியிருந்த பெயரையும் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். “பேர் சொல்லிக்கக் கூடாதுங்க, சொன்னா அடி. பகல்லயும் முகத்துல துணி கட்டியிருக்கும், மூக்குக்கு மேல கொஞ்சம் தூக்கி ஜன்னலைப் பார்த்துப்போம். இருமல், குறட்டை, இதை வச்சுத்தான் பக்கத்துல யாருன்னு தெரியும்.” பிறகு, “அந்தம்மாகிட்ட அவன் எப்படி இருமுவான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

இதை ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேள். படத்தையும் மாட்டிவிடு. வெட்டாததை மாட்டு.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணா,

படத்தை முழுதாகப் போட்டு மாட்டிவிட்டேன். ஒட்டகச்சிவிங்கி, சுருட்டிய பாய் ஒன்று, கதவைப் பிடித்திருக்கும் உன் விரல்கள் நான்கு, எல்லாம் இருக்கிறது. விரல்களை நான் அப்போது கவனிக்கவே இல்லை. புத்தகத்திலும் இதுதான் போகிறது. கீழே என்ன எழுத வேண்டும் என்று அண்ணியைக் கேட்டுச் சொல்.

அந்த அம்மா வீட்டுக்கே போய்க் கேட்டேன். இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். கடைசியில் நேராகவே கேட்டேன். அவர் அதிர்ந்துபோகவில்லை. அவனைப் பற்றி யாராவது ஏதாவது கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்றார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

இருமலே கிடையாதாம். குறட்டையும் இல்லை. ஆனால் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பானாம், சின்ன வயதிலிருந்தே. அடுத்த அறையில் படுத்திருக்கிறவர்களுக்குக்கூடக் கேட்குமாம். இதைச் சொல்லும்போது சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வெல்டரிடம் சொல்லிவிட்டு உடனே எழுது. நான் வெளியூர் எங்கும் போகாமல் காத்திருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 21

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, வெல்டர் பிள்ளையை விட வந்தபோது நானும் உன் அண்ணியும் கேட்டருகே போனோம். பல் கடிக்கிற பையன் என்று நான் வாயெடுத்ததுமே அவர் மகளின் பையைக் கீழே வைத்துவிட்டார்.

“எனக்கு இடது பக்கம். ஜன்னலுக்கு நேர் கீழ. ஒரு மாசம் இருந்திருப்பான். எப்பக் கொண்டுபோனாங்கன்னு தெரியாது, ஒருநாள் காலையில சத்தம் இல்ல.” குனிந்து பிள்ளையின் செருப்பைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு தரையைப் பார்த்தபடி, “நான் அவனை உதைப்பேங்க. தூங்கவிடமாட்டேங்கிறியேடான்னு தினமும் ராத்திரி காலால ஒரு உதை. உடனே நிறுத்திடுவான். அந்தம்மாகிட்ட அதையும் சொல்லணுமா?” என்று கேட்டார்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன் அண்ணி முந்திக்கொண்டாள். “அதைத்தாங்க முதல்ல சொல்லணும். எட்டி உதைக்கிற தூரத்துல அவனுக்கு ஒரு ஆள் இருந்திருக்காருன்னு தெரியட்டும்.”

அந்த அம்மாவை வெள்ளிக்கிழமை வரச் சொல். வெல்டர் அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டாராம்.

அண்ணன்